கத்திரி வெயிலில் பேட்டரி மிஷின் ஏன் பாதியில் நிற்கிறது?

பள்ளிப்பட்டு, திருத்தணி, நகரி, புத்தூர், சித்தூர் என்று நீளும் இந்தத் தமிழக-ஆந்திர எல்லை வட்டாரத்தில் தகரக் கொட்டகை போடுகிறவர், கிரில் பட்டறைக்காரர், தறிக்கூடத்துக்கு ஒயரிங் செய்கிறவர், மாந்தோப்பில் கிளை கழிக்கிறவர் என யாரிடம் பார்த்தாலும் ஒரு பேட்டரி டிரில்லோ பேட்டரி கிரைண்டரோ இருக்கிறது. சித்திரை பிறந்ததும் எல்லோரிடமிருந்தும் ஒரே புகார் வருகிறது: “மூணு லைட் எரியுது, ஆனா மிஷின் ஓடமாட்டேங்குது.”

கடையில் கேட்டால் புது பேட்டரி வாங்கச் சொல்கிறார்கள். பட்டறையில் கேட்டால் கரண்ட் மிஷினுக்கே திரும்பிவிடச் சொல்கிறார்கள். பல சமயம் பேட்டரியும் கெட்டிருக்காது, மிஷினும் கெட்டிருக்காது. பேட்டரி எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு சூடாகும் என்று இரண்டு கேள்விகளாகக் கேட்கிறோம். உண்மையில் அது ஒரே கணக்கு. அந்தக் கணக்கு புரிந்தால் எந்த வேலைக்கு ஒயர், எந்த வேலைக்குப் பேட்டரி, என்ன அளவில் பேட்டரி என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும்.

பேட்டரி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பேட்டரி என்று நாம் கழற்றி மாட்டும் டப்பாவுக்குள் இருப்பவை உருளை வடிவ லித்தியம் அயான் செல்கள். பெரும்பாலும் 18650 என்ற அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். புதிதாக வரும் சில டப்பாக்களில் 21700 என்ற கொஞ்சம் தடித்த செல் இருக்கும்.

ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.6. முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. ஐந்து செல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் பெயரளவில் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21 வோல்ட். கடையில் 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று விலை சொல்லும் மிஷின்களுக்குள் இருப்பது இதே ஐந்து செல் வரிசைதான். டீவால்ட் நிறுவனம் ஒரே வகைப் பேட்டரியை அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்கிறது. எந்த எண்ணை அச்சடிப்பது என்பதில்தான் வேறுபாடு.

ஆனால் ‘48 வி.எஃப்.’, ‘88 வி.எஃப்.’, ‘288 வி.எஃப்.’ என்று ஒட்டி வரும் மலிவுப் பேட்டரிகளின் கதை வேறு. அந்த எழுத்துகளுக்கு அளவை எதுவும் கிடையாது. மல்டிமீட்டரை 50 அல்லது 200 டி.சி. வோல்டில் வைத்து இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 20-ஐ ஒட்டித்தான் காட்டும்.

இரண்டாவது எண் ஆம்பியர்-மணி, தொழிலில் ஏ.எச். என்பார்கள். 2 ஏ.எச். என்றால் 2 ஆம்ப்ஸ் வீதம் ஒரு மணி நேரமோ, 20 ஆம்ப்ஸ் வீதம் 6 நிமிடமோ தரும். வோல்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். டப்பாவுக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு அதுதான்:

1. 18 வோல்ட், 2 ஏ.எச். = 36 வாட்-மணி
2. 18 வோல்ட், 4 ஏ.எச். = 72 வாட்-மணி
3. 18 வோல்ட், 5 ஏ.எச். = 90 வாட்-மணி

பெரிய டப்பாவில் இரண்டு ஐந்து-செல் வரிசைகள் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டிருக்கும், மொத்தம் 10 செல். அதாவது வோல்ட் கூடுவதில்லை. சுமையை இரண்டு வரிசைகள் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் பகிர்வுதான் பின்னால் வரப்போகும் முழு விஷயத்துக்கும் அச்சாணி.

எவ்வளவு நேரம் ஓடும்?

வாட்-மணியை வேலை கேட்கும் வாட்டால் வகுத்தால் நேரம் வரும். 72 வாட்-மணிப் பேட்டரியை எடுத்துக்கொள்வோம்.

தகரத்தில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ ஏற்ற சுமார் 250 வாட் வீதம் 4 விநாடி ஆகிறது என்று வைத்தால், ஒரு ஸ்க்ரூவுக்கு 0.3 வாட்-மணிக்கும் குறைவு. கணக்குப்படி 200-க்கு மேல் ஏறும். கான்கிரீட்டில் ஹேமர் டிரில் போட்டு 8 மில்லிமீட்டர் ஓட்டை, 300 வாட் வீதம் 15 விநாடி என்றால் ஓட்டைக்கு 1.25 வாட்-மணி. ஐம்பது ஓட்டை தேறும். வெல்டிங் மேட்டைக் கிரைண்டரால் விடாமல் தேய்க்கும்போது 500 வாட் இழுத்தால் எட்டரை நிமிடத்தில் டப்பா காலி.

14 அங்குல கட்-ஆஃப் மிஷின் கரண்டில் 2,200 வாட்டை ஒட்டி இழுக்கும். அதே வாட்டை 18 வோல்டிலிருந்து எடுப்பதானால் 120 ஆம்ப்ஸுக்கு மேல் வேண்டும். 90 வாட்-மணிப் பேட்டரிகூட இரண்டரை நிமிடம் தாங்காது. பேட்டரியில் வரும் பெரிய கட்டர்கள் ஒரே சமயத்தில் இரண்டு டப்பா மாட்டுவதும், 36 வோல்டுக்கு மேல் போவதும் இதனால்தான்.

இந்த நான்கு வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். டிரிக்கரைத் தட்டித் தட்டி விடும் வேலையில் பேட்டரி நாள் முழுக்க வரும். டிரிக்கரைப் பிடித்தபடியே இருக்கும் வேலையில் டீ குடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிறிதளவு மின்தடை உண்டு. பவர் டூலுக்கு வரும் நல்ல 18650 செல்லில் அது சுமார் 20 மில்லி ஓம், அதாவது ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு. அற்பமாகத் தெரியும். ஆனால் சூட்டின் கணக்கில் ஆம்ப்ஸை ஆம்ப்ஸால் பெருக்கி, பிறகு தடையால் பெருக்க வேண்டும். ஆம்ப்ஸ் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

ஒரே மிஷினில் ஒரே வேலைக்கு 20 ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று வைத்து, சின்ன டப்பாவையும் பெரிய டப்பாவையும் ஒப்பிடலாம்.

1. 2 ஏ.எச்., ஐந்து செல் ஒரே வரிசை. மொத்தத் தடை 100 மில்லி ஓம். 20 × 20 × 0.1 = 40 வாட் சூடு. ஒவ்வொரு செல்லிலும் 8 வாட்.
2. 4 ஏ.எச்., இரட்டை வரிசை, பத்துச் செல். மொத்தத் தடை 50 மில்லி ஓம். சூடு 20 வாட். ஒவ்வொரு செல்லிலும் 2 வாட்.

டப்பா இரண்டு மடங்கு பெரிதானது. செல் ஒவ்வொன்றும் தாங்கும் சூடோ நான்கில் ஒன்றாகக் குறைந்தது. 18650 செல் ஏறக்குறைய 45 கிராம். அதில் 8 வாட் சூடு பிறந்து, வெளியே போக வழியில்லாமல் தங்கினால், நிமிடத்துக்கு 10 டிகிரிக்கு மேல் ஏறும். 2 வாட் என்றால் 3 டிகிரிக்குள் நிற்கும்.

இனி வெயிலைச் சேர்ப்போம். செல் தயாரிப்பாளர்கள் வேலையின்போது பொதுவாக அனுமதிக்கும் மேல் வரம்பு 60 டிகிரி செல்சியஸ், உயர்ரகச் செல்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். மார்கழிக் காலையில் 22 டிகிரியில் வேலை தொடங்கினால் 60-ஐத் தொட 38 டிகிரி இடைவெளி இருக்கிறது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு திருத்தணிப் பக்கம் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். கூரை மேல் தகர ஷீட்டில் மாற்றுப் பேட்டரியை வைத்துவிட்டு வேலை செய்கிறவர், கையை வைத்தால் சுடுகிற தகரத்தின் மேல் அதை வேகவைக்கிறார். அந்தப் பேட்டரி மிஷினில் ஏறும்போதே 50 டிகிரி. மிச்சம் இருப்பது 10 டிகிரி இடைவெளி. 2 ஏ.எச். டப்பாவுக்கு அது ஒரே ஒரு நிமிட வேலை.

சூடாகப் போன அந்த 40 வாட் வேறெங்கிருந்தும் வரவில்லை. மோட்டாருக்குப் போக வேண்டிய சரக்கிலிருந்து திருடப்பட்டது. மிஷின் இழுத்த 360 வாட்டில் ஒன்பதில் ஒரு பங்கு டப்பாவைச் சுடவைக்கப் போய்விட்டது. 4 ஏ.எச். பேட்டரி, கனமான வேலையில் 2 ஏ.எச். பேட்டரியைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலாக ஓடுவது அதனால்தான். சூட்டையும் ஓடும் நேரத்தையும் ஒரே கணக்கு என்று மேலே சொன்னது இதைத்தான்.

லைட் எரிந்தும் ஓடாதது ஏன்?

டப்பாவின் லைட், சும்மா இருக்கும்போது உள்ள வோல்டேஜை வைத்து மிச்சச் சார்ஜை மதிப்பிடுகிறது. சூடு, சுமை எதையும் அது சொல்லாது. மிஷினை நிறுத்துவது வேறொரு பொருள்: பேட்டரி டப்பாவிலோ மிஷினிலோ உள்ள பாதுகாப்பு போர்டு. பிஎம்எஸ் என்று சொல்வது அதைத்தான். நிற்கும் விதத்தைக் கவனித்தால் காரணம் தெரியும்.

1. பிட் கடிக்கிற நொடியில் நிற்கிறது, டிரிக்கரை விட்டு மறுபடி பிடித்தால் ஓடுகிறது. இது அதிக ஆம்ப்ஸ். பேட்டரியின் மேல் தப்பில்லை. மழுங்கின பிட், தடித்த வீல், அல்லது 1-ஆம் கியரில் செய்ய வேண்டியதை 2-இல் செய்வது.
2. கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது, பிறகு நின்றது, உடனே ஓட மறுக்கிறது, டப்பா கையைச் சுடுகிறது. இது சூடு. நிழலில் 20 நிமிடம் வைத்தால் தானே எழும்.
3. டப்பா ஜில்லென்று இருக்கிறது, லைட் இரண்டு எரிகிறது, சும்மா சுற்றினால் ஓடுகிறது, லோடு வந்ததும் படுத்துவிடுகிறது. இது வயதான செல். உள்தடை ஏறிவிட்டதால் இழுத்த உடனே வோல்டேஜ் விழுகிறது. ஐந்தில் ஒரு செல் மட்டும் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.
4. சார்ஜரில் போட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, ஏறவில்லை. சூடான பேட்டரியாக இருந்தால் சார்ஜர் ஆறுவதற்குக் காத்திருக்கிறது. ஆறிய பிறகும் அப்படியே என்றால் வெப்பம் பார்க்கும் தெர்மிஸ்டர் போயிருக்கலாம், அல்லது செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு வந்து போர்டு பூட்டிவிட்டிருக்கலாம்.

இரண்டாவது வகையில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. மிஷின் எழாததால் திரும்பத் திரும்ப டிரிக்கரைத் தட்டுகிறார்கள். விட்டுவிட்டு அடுத்த பேட்டரியை மாட்டுவதே சரி. அதே சமயம் மோட்டாரும் சூடாக இருந்தால், புதுப் பேட்டரி மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா சுற்றவிடுங்கள். மோட்டாரின் விசிறி மோட்டாரை ஆற்றும். பேட்டரி டப்பாவுக்கு அந்தக் காற்று போவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கரண்ட் மிஷினுக்கும் சூடு உண்டு

ஒயர் மிஷினில் சூடு வேறு இடத்தில் பிறக்கிறது: மோட்டாரில் சுற்றும் பாகமான ஆர்மேச்சரிலும், அதைச் சூழ்ந்து நிற்கும் ஃபீல்டு காயிலிலும், சுற்றும் பாகத்தை உரசிக் கரண்ட் கடத்தும் கார்பன் கட்டையிலும். 4 அங்குல கிரைண்டர், மார்பிள் கட்டர், ஹேமர் டிரில் பெரும்பாலானவற்றில் கார்பன் வைத்த யுனிவர்சல் மோட்டார்தான். ஆர்மேச்சர் தண்டிலேயே விசிறி இருக்கிறது. வேகமாகச் சுற்றினால் காற்று நிறைய, மெதுவாகச் சுற்றினால் காற்று குறைவு. அழுத்தி வேலை வாங்கும்போது வேகம் விழுகிறது, ஆம்ப்ஸ் ஏறுகிறது, காற்றோ குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் கெட்ட பக்கம் போகின்றன. காயில் வார்னிஷ் கருகும் வாடை அப்போதுதான் வருகிறது. பேட்டரி மிஷினைப் போல் தானே நிறுத்திக்கொள்ளும் போர்டு சாதாரணக் கரண்ட் மிஷினில் இருக்காது. எரிந்துதான் சொல்லும்.

எல்லைக் கிராமங்களில் இதோடு குறை வோல்டேஜ் சேர்கிறது. விதிப்படி வீட்டு இணைப்பில் 230 வோல்டுக்கு 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிக் கடைசிக் கம்பத்தில் இருக்கும் கொல்லைக்கு, பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில், 200-ஐ ஒட்டி வருவதுண்டு. அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டால் இன்னும் விழும். 10 ஆம்ப்ஸ் இழுக்கும் கட்-ஆஃப் மிஷினுக்கு 30 மீட்டர் செம்பு ஒயரில் விழும் வோல்டேஜ் இவ்வளவு:

1. 0.75 ஸ்கொயர் எம்.எம். ஒயர்: சுமார் 16 வோல்ட்
2. 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர்: சுமார் 8 வோல்ட்
3. 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர்: சுமார் 5 வோல்ட்

200 வந்த இடத்தில் மெல்லிய ஒயர் போட்டால் மிஷினுக்குக் கிடைப்பது 184. வேகம் குறைகிறது, வேலை செய்கிறவர் இன்னும் அழுத்துகிறார், காயில் போகிறது. அதே 0.75 ஒயர், 16 வோல்டை 10 ஆம்ப்ஸோடு பெருக்கிய 160 வாட்டையும் தன் உடம்பிலேயே சூடாக வாங்கிக்கொள்கிறது. விரித்துப் போட்டால் 30 மீட்டரிலும் பரவி ஆறிவிடும். ரீலில் சுற்றியபடியே ஓட்டினால் நடுவில் உள்ள சுற்று பிளாஸ்டிக் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கனமான மிஷினுக்கு ரீலை முழுதும் அவிழ்த்துவிடுவது கட்டாயம். தண்ணீர் விட்டுக் கிரானைட் அறுப்பவர்கள் அந்த லைனில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் மிஷினைத் தொடவே கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

கார்பனையும் பாருங்கள். தேய்ந்து 5, 6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து பொறி பறக்கும், கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கருக்கும். மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

பேட்டரி மிஷின்களில் இப்போது பரவிவரும் பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பனே இல்லை. உரசலில் போகும் நஷ்டம் கிடையாது, சுற்றும் பாகத்தில் காயில் கிடையாது. ஒரே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். விலை வித்தியாசம் கண்ணை உறுத்தினாலும், தினமும் மிஷின் பிடிக்கிறவர் பிரஷ்லெஸ் வாங்குவதே சரி.

எந்த வேலைக்கு எது?

கூரை ஷீட், சோலார் ஃபிரேம், ஜன்னல் கீல், ஸ்விட்ச் பாக்ஸ், தோப்பில் கிளை கழித்தல்: பேட்டரி. ஏணி மேலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு வேலை செய்வதில் உள்ள ஆபத்தும் இதனால் போகிறது. பட்டறை மேஜையில் மணிக்கணக்காகத் தேய்த்தல், பழைய கான்கிரீட் உடைத்தல், 14 அங்குல வீலில் ஆங்கிள் அறுத்தல்: கரண்ட்.

சிக்கல் நடுவில் இருக்கும் வேலைகளில்தான். பேட்டரி கிரைண்டரில் கம்பி, பைப் அறுப்பது அப்படிப்பட்டது. இங்கே வீல்தான் முடிவு செய்கிறது. பழக்கத்தில் 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் வீலை மாட்டுகிறோம். 1 மில்லிமீட்டர் கட்டிங் வீல் மாட்டினால் தூளாக்க வேண்டிய இரும்பு பாதிக்கும் கீழே போகிறது. இரும்பு குறைந்தால் வாட் குறைகிறது, ஆம்ப்ஸ் குறைகிறது, சூடு அதன் இருமடியில் குறைகிறது. ஆனால் மெல்லிய வீல் பக்கவாட்டு நெளிவைத் தாங்காது, உடைந்து பறக்கும். வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடியை (கார்டு) கழற்றிவிட்டு அதை ஓட்டக் கூடாது. அந்த வீலின் பக்கத்தை வைத்துத் தேய்க்கவும் கூடாது.

பெரிய வட்ட ஓட்டை அறுக்கும் ஹோல் சா போடுகிறவர்கள் 1-ஆம் கியரில், மெதுவாக, அவ்வப்போது தூளை வெளியே எடுத்து ஓட்ட வேண்டும். இரும்பானால் சொட்டு எண்ணெய். பிட் கூராக இருந்தால் 2 ஏ.எச். பேட்டரியே போதும் என்று பல இடங்களில் தெரியவரும்.

கிரைண்டருக்கும் ரம்பத்துக்கும் 4 ஏ.எச்.சுக்குக் குறைந்த ஒற்றை வரிசைப் பேட்டரியை மாட்டவே வேண்டாம். 4 ஏ.எச். என்று வரும் சில கையடக்க டப்பாக்களில் 21700 செல் ஐந்து மட்டும் இருக்கும். 18650 ஒற்றை வரிசையைவிட அவை மேல், இரட்டை வரிசை அளவுக்கு வராது.

சார்ஜ் போடுவதில்தான் பேட்டரியின் ஆயுள்

வேலை செய்யும்போது 60 டிகிரி தாங்கும் செல், சார்ஜ் ஏறும்போது 45 வரைதான் தாங்கும். மிஷின் நிறுவனங்கள் பல 40-ஐத் தாண்டினால் சார்ஜ் போட வேண்டாம் என்றே கையேட்டில் எழுதுகின்றன. சித்தூர் மே மாத மதியத்தில் வெளிக்காற்றே அதைத் தொட்டுவிடுகிறது. ஆக, மதியம் வெயிலில் சார்ஜ் போடுவது என்பதே இந்த வட்டாரத்தில் தவறான நேரம்.

1. மிஷினிலிருந்து கழற்றிய பேட்டரியை நேரே சார்ஜரில் செருகாதீர்கள். நிழலில், காற்றோட்டமாக, 20 முதல் 30 நிமிடம். ஃபேன் காற்று இருந்தால் நல்லது.
2. சீக்கிரம் ஆற வேண்டும் என்று ஃபிரிட்ஜிலோ ஐஸ் பெட்டியிலோ வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூக்கும், போர்டு துருப்பிடிக்கும். ஈரத்துணி சுற்றுவதும் அப்படியே.
3. மொத்தச் சார்ஜையும் இரவிலோ விடியற்காலையிலோ போட்டுவைத்து, பகலில் பேட்டரியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவது கோடைக்கு ஏற்ற முறை. தொடர் வேலைக்கு மூன்று டப்பா: ஒன்று மிஷினில், ஒன்று ஆறிக்கொண்டு, ஒன்று தயாராக.
4. வேகச் சார்ஜர் 5 ஏ.எச். டப்பாவை 45 நிமிடத்தில் ஏற்றும். அவசரத்துக்கு அது நல்லது. நேரம் இருக்கும் இரவில் மெதுவான சார்ஜர் செல்லுக்கு இதம்.
5. முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். சக்தி தளர்வது தெரிந்ததும், கடைசி லைட்டிலேயே மாற்றிவிடுங்கள்.
6. வேலை இல்லாத மாதங்களில் பாதிச் சார்ஜில், வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முழுச் சார்ஜும் கடும் சூடும் சேர்ந்தால் சும்மா கிடந்தே ஆயுள் குறையும். பைக் பெட்டி, வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு, தகரப் பெட்டி மூன்றும் கூடாது.

கூரை வேலைக்கு மேலே போகும்போது மாற்றுப் பேட்டரியைத் துணிப்பையில் போட்டு, ஷீட்டில் படாமல் நிழலில் தொங்கவிடுவதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. மேலே சொன்ன கணக்கில் பத்துப் பன்னிரண்டு டிகிரி மிச்சமாவது அதில்தான்.

மலிவு டப்பாவைக் கண்டுபிடிப்பது

‘6 ஏ.எச்.’ என்று எழுதி, பெரிய டப்பாவுக்குள் ஐந்து செல்லை மட்டும் வைத்து மிச்ச இடத்தை வெற்றுப் பிளாஸ்டிக்கால் நிரப்பி விற்பது நடக்கிறது. திறக்காமலே பிடிக்க ஒரு தராசு போதும். பத்து 18650 செல்லே 450 கிராம் வரும். ஓடு, போர்டு சேர்த்து 600 கிராமைத் தாண்ட வேண்டும். 400 கிராமுக்குள் நின்றால் உள்ளே ஒற்றை வரிசைதான், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும்.

லித்தியம் செல்களுக்கும் பேட்டரிகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 பதிவு கட்டாயம். லேபிளில் தரக் குறியும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலிவுச் சார்ஜர்களில் இன்னொரு கோளாறு உண்டு. நல்ல டப்பாவில் கூட்டல், கழித்தல் முனைகளோடு வெப்பத் தகவல் போகும் முனையும் இருக்கும். வெறும் இரண்டு முனையோ, குத்தும் பின்னோ உள்ள 21 வோல்ட் அடாப்டருக்கு, பேட்டரி சூடாக இருக்கிறதா என்று அறியவே வழியில்லை. 55 டிகிரியிலும் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதை ஆள் இல்லாத அறையில், இரவு முழுக்கப் போட்டுவைப்பதுதான் தீப்பிடிக்கும் வழி.

பழைய டப்பாவுக்குச் செல் மாற்றித் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் வந்துவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: ஐந்தோ பத்தோ எல்லாச் செல்லையும் மாற்றுகிறார்களா, ஒரே மாடலா, பவர் டூலுக்கான அதிக ஆம்ப்ஸ் செல்லா, ஸ்பாட் வெல்டிங்கா. லேப்டாப் பேட்டரியில் உருவிய செல் கொள்ளளவில் நன்றாகத் தெரியும். 20 ஆம்ப்ஸ் இழுத்தால் கொதிக்கும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைத்தால் உள்ளே இருக்கும் பிரிப்புத்தாள் கெடும். இணைக்கும் பட்டையும் சுத்த நிக்கலாக இருக்க வேண்டும். நிக்கல் பூசிய இரும்புப் பட்டைக்குத் தடை அதிகம், அதுவே ஒரு ஹீட்டராகிவிடும்.

எல்லை மீறினால்

போர்டு இல்லாத, அல்லது போர்டு கெட்ட பேட்டரியில் சூடு 130 டிகிரியை ஒட்டிப் போனால் செல்லுக்குள் இரண்டு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருகத் தொடங்கும். உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு சூட்டை வளர்க்கும். அதற்குப் பிறகு நிறுத்த சுவிட்ச் கிடையாது. பக்கத்துச் செல்லுக்கும் பரவும்.

ஃபோன் பேட்டரியைப் போல் இந்த உருளைச் செல் வீங்கிக் காட்டாது. சும்மா வைத்திருக்கும்போதே சூடாவது, தின்னர் போன்ற இனிப்பு வாடை, உஸ் என்ற சத்தம், ஓட்டில் இளகல், இவைதான் முன்னறிவிப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும்:

1. முதலில் சார்ஜரின் மெயின் சுவிட்சை அணையுங்கள்.
2. புகை இன்னும் வரவில்லை என்றால் மட்டும் நீண்ட கம்பியாலோ மண்வெட்டியாலோ வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். கையில் எடுக்க வேண்டாம், புகையை மூச்சில் வாங்க வேண்டாம்.
3. தீப்பிடித்தால், மின்சாரம் அணைந்திருக்கும் நிலையில், தூர நின்று தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். மணலும் பவுடரும் மேல்தீயை அடக்கும், உள்சூட்டை ஆற்றாது. அணைந்த மாதிரி தெரிந்து மறுபடி பிடிக்கும்.
4. அணைந்த பிறகும் பல மணி நேரம் வெளியிலேயே, தனியே கிடக்கட்டும்.
5. தீ கை மீறும் என்று தோன்றினால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள்.

தண்ணீரில் விழுந்த, மாடியிலிருந்து விழுந்து ஓடு வெடித்த பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதிக்கக் கூடாது. ஆயுள் முடிந்ததைக் குப்பையிலோ கிணற்றிலோ போடவும் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய டீலரிடமோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் முனைகள் எல்லாவற்றையும் இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள். ஸ்க்ரூவும் ஆணியும் கிடக்கும் பையில் மூடாத முனையோடு போட்டால், செத்ததாக நினைத்த பேட்டரி வழியிலேயே ஷார்ட் ஆகும்.